எஸ்.எல்.எஸ். இல்லாதது

மகனின் முதுகில் நுரை பொங்கியதைப் பார்த்ததும் பெரியவள், அந்த வீட்டின் மூத்த மருமகள், குனிந்து உற்றுப் பார்த்தாள். நுரையைக் கண்டால் மற்ற அம்மாக்களுக்குச் சந்தோஷம்தான், அழுக்கு போகிறது என்று நினைத்துக்கொள்வார்கள். இவளுக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. இவள் வீட்டில் கலக்கி பாட்டிலில் அடைத்து விற்கிற குழந்தைக் குளியல் திரவம் இப்படி நுரைக்காது. நுரைக்கவும் கூடாது. எவ்வளவு தேய்த்தாலும் அங்கொன்றும் இங்கொன்றுமாக நாலு குமிழி எட்டிப் பார்க்கும், பார்த்த கையோடு போய்விடும். இது என்னடா என்றால் தோள்பட்டையில் ஏறி, கழுத்தைச் சுற்றி, வெள்ளைவெளேரென்று காது வரைக்கும் வந்து உட்கார்ந்திருக்கிறது.

"அம்மா, தாடி வையேன், தாடி!" என்று சுண்டு துள்ளினான். அவனுக்கு நாலு வயது. பிறந்ததிலிருந்து குளியலறையில் அவன் நுரையைப் பார்த்ததே இல்லை. இரண்டு கையாலும் அள்ளி மோவாயில் அப்பிக்கொண்டு, தாத்தா குரலில் இருமிக் காட்டினான். அடுத்த நொடியே முழங்கை மடிப்பைப் பிடித்துக்கொண்டு, "எரியுதும்மா" என்றான்.

"ஏங்க! சுண்டுவோட கேன்ல யாரு ஊத்தினது?"

"நான்தான்" என்று வெளியிலிருந்து குரல் வந்தது. அவள் கணவன் முன்னறையில் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். "பழசு தீந்து போச்சு. அதான் இங்கேருந்து ஒரு பாட்டிலை எடுத்துக் கவுத்து வச்சேன். ஏன், நம்மளுதுதானே?"

நம்மளுதுதான். பெரியவள் வாளியை அப்படியே தூக்கிச் சுண்டுவின்மேல் ஊற்றினாள். போதாமல் குழாயைத் திறந்துவிட்டு, குவளை குவளையாக மொண்டு மொண்டு ஊற்றினாள். சுண்டு மூச்சு திணறி அழ ஆரம்பித்தான். முழங்கை மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்னாலும் தோல் ஏற்கெனவே செக்கச்செவேலென்று ஆகியிருந்தது. துண்டால் துடைக்கக்கூட அவளுக்கு மனசு வரவில்லை, ஒற்றி ஒற்றி எடுத்தாள்.

இந்தப் பையனின் தோலால்தான் இந்தத் தொழிலே ஆரம்பித்தது. ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோதே கன்னம் வெடித்து நீர் வடிந்தது. தோல் டாக்டர், வீட்டில் இருக்கிற எல்லா பாட்டிலையும் கொண்டுவரச் சொல்லி, பின்பக்க எழுத்தைப் படித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "எல்லாத்துலயும் இந்த எஸ்.எல்.எஸ். இருக்கும்மா. ஷாம்பு, முகம் கழுவுற ஜெல், பற்பசைன்னு எதை எடுத்தாலும் இதுதான் நுரையைக் குடுக்கும். அழுக்கையும் எடுக்கும், கூடவே தோல்ல இருக்கிற எண்ணெயையும் எடுத்துட்டுப் போயிடும். விஷமெல்லாம் கிடையாது, உங்களுக்கும் எனக்கும் ஒண்ணும் பண்ணாது. ஆனா உங்க பையனோட தோல் அதைத் தாங்காது" என்றார். அன்றைக்கே அத்தனை பாட்டிலையும் பக்கத்து வீட்டுக்குத் தூக்கிக் கொடுத்தாள். எங்கெங்கோ விசாரித்து, அந்தச் சாமான் இல்லாமல் மெதுவாகக் கழுவுகிற ஒரு கலவையைக் கற்றுக்கொண்டாள். பையனின் கன்னம் ஆறியது. தோழி கேட்டாள், தோழியின் தோழி கேட்டாள். இன்றைக்கு அந்தக் கலவைக்கு ஒரு பெயர், ஒரு படம், பாட்டில் வயிற்றில் பச்சை எழுத்தில் 'எஸ்.எல்.எஸ். இல்லாதது' என்று ஒரு பட்டையும் வந்தாகிவிட்டது.

அழுகிற பையனுக்குக் களிம்பு தடவி, தொலைக்காட்சி முன்னால் உட்காரவைத்துவிட்டு அவள் முன்னறைக்குப் போனாள். அறை முழுக்கப் பெட்டிகள். குழந்தைச் சாமான் விற்கிற ஒரு பெரிய கடைக்காரர்கள், ஊருக்கு ஊர் கிளை வைத்திருப்பவர்கள், இவர்கள் சரக்கைப் பார்க்க இன்று காலை ஆளை அனுப்புகிறார்கள். அதற்காகக் கணவன் லிப்ட் கம்பெனியில் விடுப்பு சொல்லிவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையில் நின்றுகொண்டிருந்தான்.

"அந்த மேடம் கிளம்பிட்டாங்களாம். நீ இன்னும் புடவை மாத்தலையா?"

அவள் ஒரு பெட்டியைப் பிரித்தாள். பாட்டிலைத் திறந்து உள்ளங்கையில் ஊற்றி, மேசை மேலிருந்த தண்ணீரைத் தெளித்துத் தேய்த்தாள். நுரை. வேறொரு பெட்டியிலிருந்து வேறொரு பாட்டில். அதிலும் நுரை. அடியில் இருந்த பெட்டியை இழுத்தாள். அதிலும் நுரைதான், கொழகொழவென்று, கடையில் வாங்குகிற எந்த ஷாம்புவுக்கும் சளைக்காத நுரை.

"என்ன பண்ற நீ? அடுக்கினதை எல்லாம் கலைச்சுக்கிட்டு!"

"எதுவும் நம்மளுது இல்லீங்க" என்றாள். ஈரக்கையோடு பின்கட்டுக்கு நடந்தாள்.

பின்கட்டில் பழைய துணி துவைக்கிற அறையைத்தான் கலக்கும் அறையாக வைத்திருந்தார்கள். அது சின்னவளின் ராஜ்ஜியம். சின்னவள் என்றால் கணவனுடைய தம்பியின் மனைவி. மாடியில் குடியிருக்கிறார்கள். தம்பி பாட்டில்களை வண்டியில் வைத்து வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பான். அளந்து கொடுப்பதும், வாங்குகிறவர்களுக்குப் பதில் எழுதுவதும், வீடியோவில் பேசுவதும் பெரியவள். கலக்குவது சின்னவள். இந்தக் கலவையை மத்து போட்டுக் கடையக் கூடாது. மரத்துடுப்பால் ஒரே பக்கமாக, தூங்குகிற குழந்தையைத் தட்டுகிற மாதிரி மெல்லச் சுற்ற வேண்டும். ஆரம்பத்தில் இருவருமாகச் சேர்ந்து கலக்குவார்கள். தெருவில் இருக்கிற எல்லோருடைய கதையும் அந்தத் துடுப்போடு சுற்றும். ஆர்டர் கூடக் கூடப் பெரியவளுக்கு ஃபோனை விட்டு நகர முடியவில்லை. இந்த அறைக்கு வருவதே குறைந்துபோயிற்று.

சின்னவள் டிரம்மைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். மூக்கு சிவந்திருந்தது. கொஞ்ச நாளாகவே அவளுக்கு ஓயாத தும்மல். சளி என்று சொல்லிக்கொண்டு கஷாயம் குடித்துக்கொண்டிருந்தாள்.

பெரியவள் நுரை ஒட்டிய கையை நீட்டினாள். "இது என்ன?"

சின்னவள் கையைப் பார்த்தாள். பொய் சொல்லப் போகிறாள் என்று பெரியவள் நினைத்தாள். சொல்லியிருந்தால்கூடத் தேவலை. சின்னவள் சுவர் அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து முன்னால் வைத்தாள். உள்ளே மெழுகைத் துருவிப் போட்ட மாதிரி வெள்ளை வெள்ளையாகக் குச்சிகள். திறந்த வேகத்தில் தூள் பறந்து பெரியவளுக்கே தொண்டை கமறியது.

"சோப்பு சாமான் விக்கிற கடையில கேட்டேன்க்கா. நுரை வரணும்னா இதைச் சுடுதண்ணில கரைச்சு ஊத்துன்னான். டிரம்முக்கு ரெண்டு கரண்டி."

"எவ்வளவு நாளா?"

"அந்தப் பொம்பளை எழுதினாளே, தண்ணியை பாட்டில்ல அடைச்சு விக்கிறீங்களா, வெக்கமா இல்லையான்னு. அன்னியிலேருந்து."

"யாரைக் கேட்டுடீ போட்ட? பாட்டில்ல என்ன ஒட்டியிருக்கோம்னு உனக்குத் தெரியாதா? உன் கையாலதானே ஒட்டுற!"

"கத்தாதீங்கக்கா" என்றாள் சின்னவள். அவள் குரல் இறங்கவில்லை. "அன்னிக்கு நீங்க என்ன சொன்னீங்க? பாட்டில் பாட்டிலா திரும்பி வந்தப்ப என்னைத்தானே கேட்டீங்க? ஒழுங்காக் கலக்குறியா இல்லையான்னு. நுரைக்காதுன்னு தெரிஞ்சேதானே செய்யறோம், அதுக்கு நான் எப்படிக் கலக்கினாத்தான் என்ன? ராத்திரி அவரும் மேல வந்து, அண்ணி உன்மேல கோவமா இருக்காங்க, இதையாவது உருப்படியாப் பண்ணுன்னாரு. நான் என்ன பண்ணட்டும்?"

பெரியவள் கேட்டது உண்மைதான். அப்படிக் கேட்டதே அவளுக்கு மறந்துபோயிருந்தது, திட்டு வாங்கினவளுக்கு மறக்குமா?

அப்போதுதான் அவளுக்குத் தையற்காரியின் ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்ததும் கவிழ்த்த டிரம்மின்மேலேயே உட்கார்ந்துவிட்டாள். தையற்காரி வெகு நாளாக வாங்குகிறவள். அவள் மகளுக்கும் சுண்டுவைப் போலத்தான் தோல். முந்தாநாள் அவள் எழுதியிருந்தாள், மறுபடியும் சிவந்து வெடிக்கிறது, என்ன செய்யட்டும் என்று. இவள் யோசிக்கவே இல்லை. 'பயப்படாதீங்க, காலையிலும் சாயந்தரமும் ரெண்டு வேளை நம்ம குளியலையே போடுங்க' என்று எழுதி, பக்கத்தில் ஒரு பூவையும் போட்டு அனுப்பியிருந்தாள்.

அங்கே உட்கார்ந்தபடியே கூப்பிட்டாள். தையல் மெஷின் சத்தத்தோடு குரல் வந்தது.

"சொல்லுங்கக்கா, இப்பத்தான் குளிப்பாட்டி உக்காரவச்சேன்."

"பாப்பாவுக்கு எப்படி இருக்கு?"

"அதையேன் கேக்குறீங்க. ராத்திரி பூரா சொறிஞ்சுக்கிட்டே இருக்கா. தலகாணி உறையில ரத்தக்கறை. நீங்க சொன்ன மாதிரி ரெண்டு வேளையும் விடாமப் போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

"அதை நிறுத்திடுங்க" என்றாள் பெரியவள்.

மெஷின் நின்றது. "எதை?"

"குளியலை. நம்மளுதை. வெறும் தண்ணி ஊத்துங்க. டாக்டர் குடுத்த களிம்பைப் போடுங்க."

"களிம்பை நிறுத்தி ஒரு மாசமாச்சேக்கா. உங்களை நம்பித்தானே நிறுத்தினேன். ஏன், என்னாச்சு?"

சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வாசலில் கார் நிற்கிற சத்தமும், கணவன் "வாங்க வாங்க" என்று ஓடுகிற சத்தமும் கேட்டன. "அந்த டிரம் சரியில்ல. அப்புறம் கூப்பிடுறேன், இன்னிக்கே டாக்டர்கிட்ட போயிடுங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள். அந்த டிரம்மாம்! எந்த டிரம்? வாய் கூசாமல் சொன்னதை நினைக்க அவளுக்கே அருவருப்பாக இருந்தது. தையற்காரிக்காவது ஃபோன் போட்டாயிற்று. மற்ற வீடுகளில் இந்நேரம் எத்தனை குழந்தைகளை உட்காரவைத்துத் தேய்த்துக்கொண்டிருக்கிறார்களோ?

கணவன் பின்கட்டுக்கு எட்டிப் பார்த்தான். டப்பாவைப் பார்த்தான். இரண்டு பேர் முகத்தையும் பார்த்தான். லிப்ட் எந்த மாடியில் சிக்கியிருக்கிறது என்று சத்தத்தை வைத்தே சொல்கிறவன், அவனுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டு தாழ்ந்த குரலில் பேசினான்.

"இங்க பாரு, அந்தம்மா வந்து உக்காந்தாச்சு. இப்ப எதுவும் வேணாம். அவங்க பாக்கட்டும், போகட்டும். நாளையிலேருந்து சுத்தமாக் கலக்கிக்கலாம்."

"முன்னறையில இருக்கிறது?"

"அதுவும் என்ன விஷமா? உலகம் பூரா அதைப் போட்டுத்தான் குளிக்குது. நான் இன்னிக்குக் காலையில அதைப் போட்டுத்தான் தலை குளிச்சேன்."

"சுண்டு கையைப் போய்ப் பாருங்க."

அவன் பார்வையைத் தாழ்த்திக்கொண்டான். பையனை உயிராக நினைக்கிறவன்தான். காலையில் புது பாட்டிலைக் கவிழ்த்ததும் அவன் கைதான். "பாத்தேன்" என்றான். "சாயந்தரம் டாக்டர்கிட்ட நானே கூட்டிட்டுப் போறேன். இப்ப வா. ரெண்டு பேரும் முகத்தைக் கழுவிட்டு வாங்க."

அவன் போன பிறகும் பெரியவள் எழுந்திருக்கவில்லை. எல்லாக் கோபத்தையும் எங்கேயாவது கொட்ட வேண்டும்போல இருந்தது. கொட்டுவதற்கு எதிரில் ஒருத்திதான் இருந்தாள்.

"கூடவே இருந்து கழுத்தை அறுத்துட்டியேடி" என்றாள். "உன்னை என் தங்கச்சி மாதிரி வச்சிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல? தெரிஞ்சிருந்தா நான் விட்டிருப்பேனா?"

சின்னவள் டப்பாவின் மூடியை அழுத்தி மூடினாள். தும்மல் வந்தது, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சண்டை போடுகிற குரலில் இல்லாமல், வெகு நாளாக யோசித்துப் பிடிபடாத ஒன்றைக் கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

"அப்ப எதுக்குக்கா சுண்டுவுக்கு மட்டும் பழசையே எடுத்து வச்சீங்க?"

"என்ன?"

"நான் முதல்முதலா இதைப் போட்ட அன்னிக்கு நீங்க உள்ள வந்தீங்க. டிரம் விளிம்பு பூரா நுரை நின்னுச்சு. நீங்க பாத்தீங்க. நீங்க கேப்பீங்க, கேட்டா சொல்லிடலாம்னு நான் துடுப்போட நிக்கிறேன். நீங்க ஒண்ணும் கேக்கல. மூலையில முந்தின தடவை கலக்கினது அஞ்சு லிட்டர் கேன்ல இருந்துச்சு. அதைத் தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டு, இது சுண்டுவுக்கு இருக்கட்டும்னு சொல்லிட்டுப் போனீங்க. சரி, அக்காவுக்குத் தெரியும், தெரிஞ்சுதான் விடுறாங்கன்னு நான் நினைச்சேன்."

பழசு வீணாகக் கூடாதே என்று எடுத்து வைத்ததாகத்தான் பெரியவள் இத்தனை நாளும் தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்தாள். நல்ல காரணம்தான், சிக்கனமான வீட்டுக்காரி எவளும் சொல்கிற காரணம். அன்றைக்கு டிரம்மின் விளிம்பில் அவள் நுரையைப் பார்க்கவில்லையா? பார்த்தாள். துடுப்பை வேகமாகச் சுற்றியிருப்பாள் என்று நினைத்தாள். நினைத்தாளா, நினைக்க வேண்டும் என்று நினைத்தாளா? அதற்கு அடுத்த வாரத்திலிருந்து திரும்பி வருகிற பாட்டில்கள் நின்றன. 'இப்பத்தான் சூப்பரா நுரைக்குது' என்று ஒருத்தி எழுதினாள். 'புது பாட்டில் பிரமாதம்' என்று இன்னொருத்தி. எல்லாவற்றுக்கும் இவள் நன்றி சொல்லி, பூப் போட்டு அனுப்பினாள். எப்படி நுரைக்கிறது என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, இந்த அறைக்குள் வந்து கேட்டிருந்தால்? வேலை முதுகை முறித்தது, நேரம் இல்லை. மாடிப்படி ஏறி மொட்டை மாடிக்குப் போய்த் துணி உலர்த்த நேரம் இருந்தது, இந்த அறைக்கு வரத்தான் இல்லை. சுண்டுவின் கேனைத் தூக்கி மேல்பரணில் வைத்தவளும், அவனை வேறு யாரும் குளிப்பாட்ட விடாதவளும் அவள்தான். அழுகை வரவில்லை, வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஏம்மா!" என்று கணவன் முன்னறையிலிருந்து கூப்பிட்டான். விருந்தாளி முன்னால் பேசுகிற தேன் ஒழுகும் குரல். "மேடம் கை கழுவிப் பாக்கணுங்கிறாங்க. தண்ணி கொண்டாம்மா."

வந்திருந்தவர் ஐம்பது வயதுப் பெண்மணி. கடைகளுக்குக் கொள்முதல் செய்வது அவர் பொறுப்பு. பெட்டிகளின் நடுவே நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டு, மோதிரங்களைக் கழற்றி மேசை மேல் வைத்துவிட்டுத் தயாராக உட்கார்ந்திருந்தார். நல்ல முகம், பார்த்ததும் பிடித்துப்போகிற முகம். அதுவேறு பெரியவளுக்குத் தாங்கவில்லை. கணவன் எதிரில் ஒரு பிளாஸ்டிக் தொட்டியை வைத்தான். பெரியவள் குவளையில் தண்ணீர் மொண்டு அவர் கையை நனைத்தாள். அவர் பாட்டிலைக் கவிழ்த்து, இரண்டு சொட்டு விட்டுத் தேய்த்தார்.

"அட!" என்றார். நுரை விரலிடுக்கெல்லாம் நிறைந்து மணிக்கட்டுக்கு ஏறியது. "எஸ்.எல்.எஸ். இல்லாத சரக்கு எத்தனையோ பாத்துட்டேங்க. எல்லாம் கஞ்சித் தண்ணி மாதிரி கிடக்கும், அம்மாமாருங்க ஒரு தடவை வாங்கினா மறு தடவை வாங்கறதில்ல. இது எப்படிங்க இவ்வளவு நுரைக்குது?"

"அதெல்லாம் எங்க வீட்டுக் கைப்பக்குவம் மேடம்" என்று கணவன் சிரித்தான். சின்னவள் உள்ளே வந்து, கதவோரமாக நின்றாள்.

"சும்மா சொல்லுங்க, நான் ஒண்ணும் திருடிட்டுப் போயிட மாட்டேன்." அந்த அம்மாளும் சிரித்தார். "தோல் வியாதி இருக்கிற பிள்ளைங்களுக்குன்னே தனியா ஒரு அலமாரி வைக்கப்போறோம். எல்லாக் கிளையிலயும். அதுல முதல் வரிசை உங்களுதுதான், நான் சொல்றேன். தண்ணி ஊத்துங்கம்மா."

பெரியவள் ஊற்றவில்லை. குவளை அவள் கையில் நிறைந்தபடி இருந்தது.

"அதுல இருக்குங்க" என்றாள்.

"எது?"

"எஸ்.எல்.எஸ். இந்த ரூம்ல இருக்கிற எல்லாத்துலயும் இருக்கு. இதுக்கு முன்னால வித்ததுலயும் இருக்கு."

கணவனின் சிரிப்பு முகத்திலேயே நின்றுபோனது. அந்த அம்மாள் அவளைப் பார்த்தார், பாட்டிலின் பச்சை எழுத்தைப் பார்த்தார், மறுபடியும் அவளைப் பார்த்தார். கோபப்படவில்லை. அவர் குரல் மட்டும் கணக்காக ஒரு படி இறங்கியது.

"தெரிஞ்சேவா வித்தீங்க?"

"ஐயோ, இவளுக்கு ஒண்ணும் தெரியாது மேடம்" என்று கணவன் முந்திக்கொண்டான். "சத்தியமாத் தெரியாது. இன்னிக்குக் காலையிலதான், பையனைக் குளிப்பாட்டும்போதுதான் தெரிஞ்சுது. கலக்குற இடத்துல ஏதோ தப்பு நடந்துபோச்சு. சொல்லேன், நீயே சொல்லு."

அவன் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட யாரும் பொய் என்று நிரூபிக்க முடியாது. பெரியவள் தலையை ஆட்டினால் போதும். கதவோரமாக நின்ற சின்னவள் முந்தானையை மூக்கில் வைத்தபடி, பெரியவளின் வாயை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குத் துடுப்பைப் பிடித்துக்கொண்டு இப்படித்தான் நின்றிருப்பாள்.

"என்னைப் பாத்துச் சொல்லுங்கம்மா" என்றார் அந்த அம்மாள்.

அவருடைய இரண்டு கைகளும் தொட்டிக்கு மேலே, நீட்டியபடி, தண்ணீருக்காகக் காத்திருந்தன. அறையில் அத்தனை பேர் இருந்தும், விரலிடுக்கில் நுரை ஒவ்வொன்றாக உடைகிற சத்தம் மெல்லக் கேட்டுக்கொண்டிருந்தது.